ஒரு சாக்ஸ் தையலின் கதை

போன மாசம் ஓபிக்கு ஒரு அண்ணன் வந்தார். ஐம்பது வயசு இருக்கும். ஒரு அபார்ட்மென்ட்டில் செக்யூரிட்டி வேலை. ராத்திரி ஏழு மணிக்கு ஷூவை மாட்டினால் மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான் கழட்டுவார். பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. வலது கால் சுண்டுவிரல் மேல் ஒரு புண். வலியே இல்லை. அந்த வலி இல்லாததுதான் எங்களுக்குப் பயம். துணி துவைக்கும்போது சாக்ஸில் கறையைப் பார்த்து அவர் மனைவிதான் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"ஷூ புதுசாண்ணே?"

"ஷூ பழசு சார். சாக்ஸ்தான் புதுசு. பஸ் ஸ்டாண்டுல மூணு ஜோடி நூறு ரூபா."

அந்த சாக்ஸை வாங்கி உள்பக்கமாகத் திருப்பினேன். விரல்களுக்கு மேலே குறுக்காக ஒரு தையல், வயல் வரப்பு மாதிரி தடித்து நின்றது. விரலால் தடவினாலே உறுத்துகிறது. புண் இருந்தது சரியாக அந்த வரப்பு முடியும் இடத்தில்.

அன்று நைட் டியூட்டியில் கொஞ்சம் நேரம் கிடைத்தபோது இந்த வரப்பைப் பற்றித் தேட ஆரம்பித்தேன். தேடினால், நூறு வருஷத்துக்கு முன்னால் இதே வரப்பைப் பற்றி லட்சக்கணக்கான பெண்கள் கவலைப்பட்டிருக்கிறார்கள்! கையில் கம்பளி நூலும் பின்னல் ஊசியுமாக. அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம், பொறுமையா வாங்க.

1914 கடைசி. பிரான்ஸ், பெல்ஜியம் எல்லையில் ராணுவங்கள் பதுங்குகுழி வெட்டி உட்கார்ந்துவிட்டன. குளிர்கால மழை. குழிக்குள் முட்டி வரை சேறும் தண்ணீரும். அதில் நாள் கணக்கில் பூட்ஸைக் கழட்டாமல் நின்றவர்களுக்குக் கால் முதலில் மரத்துப்போனது, அப்புறம் வீங்கியது, நீலம் பாரித்தது, சிலருக்கு அழுகியது. இதற்கு ட்ரெஞ்ச் ஃபூட் என்று பெயர் வந்தது. அந்த முதல் குளிர்காலத்தில் மட்டும் பிரிட்டிஷ் ராணுவத்தில் சுமார் 20,000 பேர் இதற்காகச் சிகிச்சைக்குப் போனார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, கால் உறைய வேண்டிய அவசியமே இல்லை. தண்ணீர் பனிக்கட்டி ஆகும் அளவுக்குக் குளிர் வேண்டாம்; பத்துப் பன்னிரண்டு டிகிரியே போதும், கூடவே ஈரமும் நேரமும் இருந்தால். உடம்பு தன் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ளக் காலில் இருக்கும் ரத்தக்குழாய்களைச் சுருக்கிக்கொள்கிறது. மணிக்கணக்கில் அப்படியே இருந்தால் நரம்பும் தசையும் பட்டினி கிடக்கின்றன. போதாக்குறைக்கு கணுக்காலில் இருந்து முட்டிக்குக் கீழே வரை இறுக்கிச் சுற்றும் துணிப்பட்டி வேறு. (ஆங்கிலத்தில் அதற்கான சொல்லே இந்தியாவில் இருந்து போன 'பட்டி'தான்.) நனைந்தால் அது இன்னும் இறுகும். நரம்பு செத்த காலில் கொப்புளம் வந்தால் தெரியாது. கொப்புளம் உடைந்தால் சேற்றில் இருக்கும் கிருமிக்குக் கதவு திறந்த மாதிரி.

நம்ம செக்யூரிட்டி அண்ணன் கால் நினைவுக்கு வருதா? காரணம் வேறு. ஆனால் மரத்த கால், தெரியாத கொப்புளம், கழட்டாத ஷூ, மூன்றும் அப்படியே இருக்கிறது.

அன்றைக்கு ஆன்டிபயாடிக் கிடையாது. பென்சிலின் கண்டுபிடிக்க இன்னும் பதினாலு வருஷம். இருந்த வைத்தியம், காலை உலர்த்து, திமிங்கல எண்ணெய் தடவு, சாக்ஸை மாற்று. போகப்போக இது கட்டளையாகவே ஆனது. ஒவ்வொருவரும் மூன்று ஜோடி வைத்திருக்க வேண்டும், ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது மாற்ற வேண்டும். இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டு ஒருவர் காலை இன்னொருவர் பார்க்க வைத்தார்கள். ஒரு படைப்பிரிவில் நிறையப் பேருக்கு இது வந்தால் அதிகாரியைக் கேள்வி கேட்டார்கள். ராணுவம் முழுவதற்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், எத்தனை சாக்ஸ் வேண்டும் என்று!

அதுவும் கம்பளியில்தான் வேண்டும். கம்பளி தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் தொட்டால் நனைந்த மாதிரி இருக்காது. நனைந்த பிறகும் ஓரளவு சூட்டைப் பிடித்து வைக்கும். பருத்தி நனைந்தால் காலோடு ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.

1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் நம்ம சென்னை மேல் குண்டு போட்டது எல்லாருக்கும் தெரியும். அந்தச் சமயத்தில்தான் லண்டனில் ராணி மேரி ஒரு வேண்டுகோள் விடுத்தார். போர் அமைச்சர் கிச்சனர் கேட்கிறார், நவம்பருக்குள் 3,00,000 ஜோடி சாக்ஸும் 3,00,000 இடுப்புப் பட்டைகளும் பின்னித் தாருங்கள் என்று. ஊரே ஊசியை எடுத்தது.

ஆனால் இந்த உற்சாகத்துக்கு ஒரு விலை இருந்தது. போர் தொடங்கியதும் ஆடைத் தொழிலில் இருந்த ஏழைப் பெண்கள் பல பேருக்கு வேலை போயிருந்தது. வசதியான வீட்டம்மாக்கள் இலவசமாகத் தைத்தும் பின்னியும் கொடுத்தால் கூலிக்குச் செய்பவள் என்ன சாப்பிடுவாள்? இதைத் தொழிற்சங்கத் தலைவி மேரி மெக்கார்தர் நேராக ராணியிடமே போய்ப் பேசினார். அதன் பிறகு வேலை இழந்த பெண்களுக்குக் கூலியோடு வேலை தர ஒரு நிதி உருவானது. இலவச சேவை யார் வயிற்றில் அடிக்கிறது என்று போர்க் காய்ச்சலுக்கு நடுவில் நின்று கேட்க ஒரு தைரியம் வேண்டும். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த ஆள் அவர்தான்.

அதே செப்டம்பர் கடைசியில் இந்தியச் சிப்பாய்கள் பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கினார்கள். பலர் உடம்பில் இருந்தது நம்ம ஊர் வெயிலுக்கான மெல்லிய பருத்திக் காக்கி. அப்படியே பிளாண்டர்ஸ் குளிருக்குள் போனார்கள். லண்டனில் தொடங்கிய இந்தியச் சிப்பாய்கள் நிதி அவர்களுக்குச் சாக்ஸ், மப்ளர் எல்லாம் சேர்த்து அனுப்பியது. காயம்பட்டவர்கள் பிரைட்டன் அரண்மனையில் அமைத்த ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்கள். முகம் தெரியாத ஒரு ஆங்கிலேயக் கிழவி பின்னிய சாக்ஸ் ஒரு பஞ்சாபிக் கிராமத்துப் பையன் காலில். இந்தப் படம் என் மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது.

சரி, வரப்புக்கு வருவோம்.

பின்னத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் பின்னினால் என்ன ஆகும்? ஒன்று யானைக்கால் அளவு, இன்னொன்று பொம்மைக்கால் அளவு. குதிகாலில் முடிச்சு. இப்படி வந்த சாக்ஸ் சிலது துப்பாக்கி துடைக்கப் போனது. அதனால் பின்னல் கையேடுகளின் குணமே மாறியது.

கையேடு புதுசு இல்லை. 1840-லேயே எடின்பரோவில் ஜேன் காகெய்ன் என்ற கடைக்காரரின் மனைவி பின்னல் புத்தகம் போட்டிருக்கிறார். அந்தக் காலப் புத்தகங்களில் ஆளுக்கு ஒரு சுருக்கெழுத்து, எங்கள் டாக்டர் சீட்டு மாதிரி. பணப்பை, தொப்பி, அலங்காரப் பூ என்று பொழுதுபோக்குச் சாமான்கள்தான் அதிகம். போர்க்காலத்தில் ரெட் கிராஸ் மாதிரி அமைப்புகள் அச்சடித்த துண்டுத்தாள்கள் வேறு ரகம். என்ன நூல், சாம்பலா காக்கியா, எந்த அளவு ஊசி, எத்தனை கண்ணி, பாதம் எத்தனை அங்குலம் எல்லாம் அதில் இருக்கும். உன் கற்பனையைக் கொண்டுவராதே என்பதுதான் அடிநாதம். ஒரு மருந்துக்கு டோஸ் எழுதுவது போல ஒரு சாக்ஸுக்கு எழுதியிருக்கிறார்கள்.

கையால் பின்னும் சாக்ஸ் மேலிருந்து கீழே வரும். நாலு ஊசியில் வட்டமாகப் பின்னிக்கொண்டே வந்து, குதிகாலில் திரும்பி, பாதம் முழுக்கப் போய், விரல் நுனியில் கண்ணிகளைக் குறைத்துக்கொண்டே வந்தால் கடைசியில் மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை திறந்த கண்ணிகள் மிஞ்சும். இரண்டையும் மூட வேண்டும். சட்டென்று சேர்த்து முடித்தால் அங்கேதான் வரப்பு.

வரப்பு இல்லாமல் மூட ஒரு வழி உண்டு. மழுங்கிய ஊசியில் நூலைக் கோர்த்து, மேல் கண்ணியில் ஒன்று, கீழ் கண்ணியில் ஒன்று என்று, பின்னல் எந்தப் பாதையில் ஓடுமோ அதே பாதையில் நூலை ஓட்டுவது. முடித்த பிறகு பார்த்தால் தைத்த இடமே தெரியாது. இன்னொரு வரிசை பின்னின மாதிரி இருக்கும். சிசேரியனில் சில சமயம் வெளியே தையல் தெரியாமல் தோலுக்கு அடியிலேயே நூலை ஓட்டி மூடுவோமே, தழும்பு ஒரு மெல்லிய கோடாக மட்டும் நிற்குமே, கிட்டத்தட்ட அந்தக் கைவேலைதான். நூலை இழுக்கும் இழுவை ஒரே சீராக இருக்க வேண்டும் என்பதும் இரண்டுக்கும் பொது.

இந்தத் தையலுக்கு உலகம் முழுக்க இன்றைக்கும் இருக்கும் பெயர் 'கிச்சனர் தையல்'. ஆமாம், சாக்ஸ் கேட்ட அதே போர் அமைச்சர். சிப்பாய்களின் விரல் உறுத்துகிறது என்று அவரே யோசித்துக் கொடுத்தார் என்று ஒரு கதை ஓடுகிறது. அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. 19-ஆம் நூற்றாண்டின் தையல் கையேடுகளிலேயே, வேறு பெயரில், இந்த வேலை இருக்கிறது. எந்தப் பாட்டி முதலில் கண்டுபிடித்தாளோ, அவள் பெயர் எங்கேயும் இல்லை. பெயர் மந்திரிக்குப் போய்விட்டது.

அதுவும் எந்த மந்திரி? தென்னாப்பிரிக்கப் போயர் போரில் பெண்களையும் குழந்தைகளையும் முகாம்களில் அடைத்ததை விரிவாக்கியவர். 26,000-க்கும் மேற்பட்ட போயர் பெண்களும் குழந்தைகளும் தட்டம்மை, நிமோனியா, டைபாய்டு என்று அங்கே செத்தார்கள். ஆயிரக்கணக்கான கறுப்பின மக்களும் தனி முகாம்களில் செத்தார்கள். 1916 ஜூனில் அவர் போன கப்பல் கண்ணிவெடியில் மூழ்கி அவரும் போய்ச் சேர்ந்தார். விரல் உறுத்தாத மென்மையான தையலில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வரலாற்றுக்குக் கிண்டல் ஜாஸ்தி.

ஆஸ்திரேலியாவில் கம்ஃபர்ட்ஸ் ஃபண்ட் என்ற அமைப்பு வழியாகப் போனது மட்டும் 13 லட்சம் ஜோடிக்கு மேல். கையால் ஒரு ஜோடி பின்னப் பத்து மணி நேரம் என்று வைத்தால்கூட 1 கோடியே 30 லட்சம் மணி நேரம். டிராமில், சர்ச்சில், வீட்டு வாசலில் என்று கிடைத்த நேரமெல்லாம் பின்னினார்கள். சில பெண்கள் சாக்ஸுக்குள் பெயரும் விலாசமும் எழுதிய சீட்டை மடித்து வைப்பார்கள். குழியில் இருந்து நன்றிக் கடிதம் வரும். சில நேரம் வராது. ஏன் வரவில்லை என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவும் தெரியாது.

அமெரிக்கா 1917-இல் போருக்குள் வந்ததும் அங்கேயும் இதே காய்ச்சல். 1918 ஜூலை 30-இல் தொடங்கி மூன்று நாள் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பெரிய பின்னல் திருவிழா நடத்தினார்கள், போட்டியெல்லாம் வைத்து. முடிவில் கையில் வந்தது 50 ஸ்வெட்டர், 48 மப்ளர், 224 ஜோடி சாக்ஸ், 40 கம்பளித் தலைக்கவசம், சுமார் 4,000 டாலர். ஒரு பட்டாலியன் என்றால் ஆயிரம் பேர். அவர்களுக்கு ஒரு வேளை மாற்றக்கூட 224 ஜோடி பத்தாது. சாக்ஸ் கணக்கில் பார்த்தால் அந்த மூன்று நாள் வீண். ஆனால் மகனை அனுப்பிவிட்டுத் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மாவுக்கு, அதே நிலையில் இருக்கும் நூறு அம்மாக்களோடு சேர்ந்து உட்கார ஒரு இடம் கிடைத்தது. ஐசியு வாசலில் அட்டெண்டர்கள் பாயை விரித்துச் சேர்ந்து உட்கார்வதைத் தினமும் பார்க்கிறவன் நான். அதை வீண் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நூல் தட்டுப்பாடும் வந்தது. அந்த செப்டம்பரில் கடைகளில் இருக்கும் காக்கி, சாம்பல் வகைக் கம்பளி நூலை ரெட் கிராஸிடம் ஒப்படைக்கச் சொல்லி அரசு உத்தரவே போட்டது. இரண்டு மாதத்தில் போர் முடிந்துவிட்டது.

நேர்மையாகச் சொல்லணும்னா, ட்ரெஞ்ச் ஃபூட்டைக் குறைத்தது சாக்ஸ் மட்டும் இல்லை. குழிக்குள் மரப்பலகை போட்டார்கள், தண்ணீரை இறைத்தார்கள், ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்கள், ஆட்களைச் சுழற்சியில் மாற்றினார்கள். எல்லாவற்றுக்கும் மேல், தினமும் ஒருவர் காலை இன்னொருவர் பார்த்தார். அதில் சாக்ஸும் ஒரு பங்கு.

இப்போ உங்க வீட்டுக்கு வருவோம். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்து, அவர் வேலைக்கு ஷூ போடுகிறவராக இருந்தால், இன்று ராத்திரியே அவர் சாக்ஸை எடுத்து விரல் நுனித் தையலைத் தடவிப் பாருங்கள். உறுத்தினால் உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பிப் போடச் சொல்லுங்கள். சர்க்கரைக் கால் பராமரிப்பு வழிகாட்டுதல்களிலேயே இருக்கும் அறிவுரைதான், பைசா செலவில்லை. மேலே எலாஸ்டிக் இறுகி அச்சுப் பதியக் கூடாது. தினமும் மாற்றணும். ஷூவை மாட்டும் முன் கையை உள்ளே விட்டுத் துழாவணும். ஒரு கல்லோடு நாள் முழுக்க நடந்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதத்தின் அடிப்பக்கத்தை அவரால் குனிந்து பார்க்க முடியாது, நீங்க பாருங்க. வலி இல்லாத புண் என்றால் காத்திருக்காதீர்கள், அன்றே வந்துவிடுங்கள்.

அந்த அண்ணனுக்கு எலும்பு வரை போகவில்லை. நாடி நன்றாக இருந்தது. ரெண்டு நாளைக்கு ஒரு முறை டிரெஸ்ஸிங், ஷூவுக்கு விடுமுறை. ஆறாவது வாரம் புண் மூடிக்கொண்டது. விரல் விரலாகவே இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை ரிவ்யூவுக்கு வந்தார். அகலமான ஷூ, சாக்ஸ் திருப்பிப் போட்டபடி, நுனியில் நூல் பிசிறு தெரிய.

"சூப்பர்வைசர் திட்டுறாரு சார். உள்பக்கம் வெளிய போட்டுட்டு வந்திருக்கியே, குடிச்சிருக்கியான்னு கேக்குறாரு. நீங்க ஒரு சீட்டு எழுதிக் குடுத்துருங்க."

ஓபி சீட்டின் பின்பக்கத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஆஸ்பத்திரி சீலும் குத்திக் கொடுத்தேன்.