பூமழையில் ஒரு கொலை?

விருந்துக்குப் போகிறீர்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூரையிலிருந்து பூ கொட்டுகிறது. ஜோராகத்தான் இருக்கும். நிற்காமல் கொட்டினால்?

பண்டைய ரோமாபுரியில் விருந்து மண்டபத்தைப் பூவால் நிறைப்பது பெரிய இடத்துப் பெருமை. நீரோ தன் தங்க மாளிகையில் தந்தப் பலகைகளால் கூரை போட்டிருந்தான். பலகை திரும்பும், விருந்தாளிகள் தலையில் பூ சொரியும். அந்த அலங்காரத்தைக் கொலைக் கருவியாக்கியதாகப் பழி சுமப்பவன் எலகபாலஸ். கி.பி. 218-ல், 14 வயதில் சக்கரவர்த்தியான பையன்! சுழலும் கூரையிலிருந்து அவன் கொட்டிய வயலட் பூக்களுக்கு அடியில் சிக்கி, மேலே வரமுடியாமல் சில விருந்தாளிகள் மூச்சுத் திணறிச் செத்தார்களாம்.

நிஜமா? அவன் காலத்திலேயே வாழ்ந்து, அவனைக் கிழிகிழியென்று கிழித்த சரித்திர ஆசிரியர் டியோ இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. 18 வயதில் காவல் வீரர்கள் அவனைக் கொன்று ஆற்றில் வீசியதை மட்டும் மறக்காமல் எழுதினார். பூக்கதையைச் சொல்வது, 150 வருஷத்துக்கு மேல் கழித்து வந்த, புளுகுக்குப் பேர்போன ஒரு புத்தகம்.

ஆனாலும் கதைதான் ஜெயித்தது. 1888-ல் லண்டன் ஓவியர் அல்மா-டடேமா அதைப் பிரமாண்டமாக வரைந்தார். வயலட்டை ரோஜாவாக்கிவிட்டார். குளிர்காலத்தில் ரோஜாவுக்கு எங்கே போவது? பிரான்ஸின் தென்கடலோரத்திலிருந்து வாராவாரம் நிஜ ரோஜாக்களை வரவழைத்து, பார்த்துப் பார்த்துத் தீட்டினாராம் மனிதர்.