உப்புக்குளத்தில் லப்டொப் ஏன் சுடுது? ஒரு சின்ன வரலாறு

எங்க பக்கம் லப்டொப் மெதுவானால் எல்லோரும் ஒரே வைத்தியம்தான் சொல்லுவாங்க: "வைரஸ் மச்சான், விண்டோஸ் அடி." விண்டோஸ் அடிச்ச பிறகு இரண்டு நாள் நல்லாப் போகும். மூன்றாம் நாள் மத்தியானம், ஸூம் வகுப்பு நடுவில நிற்கும்போது, ஃபேன் இரையத் தொடங்கும். கீபோர்டின் ஒரு பக்கத்தில் கை வைக்க ஏலாது. மவுஸ் அம்பு விட்டு விட்டு நகரும். திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தால் "போர்ட் போயிட்டு, புதுசு ஒன்று பாருங்க" என்று பதில் வரும். புதுசு வாங்க வசதி இருந்தால் நாங்க ஏன் இவ்வளவு காலம் இதைக் கட்டி அழுகிறோம்?

மத்தியானம் மட்டும் மெதுவாகிற லப்டொப்பை மெதுவாக்கிறது பெரும்பாலும் வைரஸ் இல்லை. லப்டொப்பே தன்னை மெதுவாக்கிக்கொள்ளுது. உள்ளே இருக்கிற சிப்பின் சூடு 100 பாகை செல்சியஸை நெருங்கினால், அது தானாகவே வேகத்தைக் குறைக்கும். சூடு இறங்கினால் திரும்ப ஏற்றும். இந்த ஒரு பழக்கத்தைக் கணினிகள் பழகிக்கொள்ள ஐம்பது வருசத்துக்கு மேல எடுத்தது.

1946 பெப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், எனியாக் என்ற கணினியை உலகத்துக்குக் காட்டினார்கள். ஏறத்தாழ 18,000 வால்வுகள், 30 தொன் பாரம், 150 கிலோவாட் கரண்ட். வால்வு என்றால் எங்கட மூத்தாக்கள் வைத்திருந்த பழைய ரேடியோவுக்குள் செக்கச் செவேல் என்று எரியுமே, அதுதான். ரேடியோவில் நாலைந்து வால்வு எரிஞ்சதுக்கே பின்பக்கம் சுடும். இங்கே பதினெட்டாயிரம். 150 கிலோவாட் என்றால் எவ்வளவு என்று பார்க்க விரும்பினால், மன்னார்த் தீவின் தெற்குக் கரையில் வரிசையாக நிற்கிற தம்பபவனிக் காற்றாலைகளைப் பாருங்க. மொத்தம் 30, ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட். ஒன்று முழு வேகத்தில் சுத்தினால் இருபதுக்கும் மேற்பட்ட எனியாக்கை ஓட்டலாம்.

அந்த 150 கிலோவாட்டும் எங்கே போச்சு? எல்லாம் சூடாகத்தான் போச்சு. மிளகாய் அரைக்கிற மெஷின் கொஞ்சம் கரண்டையாவது அரைக்கிற வேலைக்குச் செலவழிக்கும். கணினி எதையும் அரைக்கிறதுமில்லை, தூக்கிறதுமில்லை. அது வாங்குகிற கரண்ட் அநேகமாக முழுக்க வெப்பமாகத்தான் வெளியே வரும். உங்கட லப்டொப் வேலை செய்யும்போது 40 வாட் எடுத்தால், பழைய 40 வாட் குண்டு பல்ப் ஒன்றை எரியவிட்டு ஒரு சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடினதுக்குச் சமம். எனியாக்கைக் கட்டினவர்களுக்கு இது தெரியும். பெரிய ஊதிகள் வைத்துக் காற்றடித்தார்கள். சூடு எல்லை தாண்டினால் கரண்டை வெட்ட தெர்மோஸ்டாட்டும் வைத்தார்கள். ஆனால் அது வெட்டத்தான் தெரிந்த மெஷின். கொஞ்சம் மெதுவாகப் போவோம் என்கிற புத்தி அதுக்கு இருக்கயில்லை.

பிறகு ட்ரான்சிஸ்டர் வந்தது, வால்வு ஒழிந்தது. 1965 இல் கோர்டன் மூர், சிப்புக்குள் அடங்கும் உறுப்புகளின் எண்ணிக்கை தொடர்ந்து பெருகும் என்று எழுதின அந்தப் புகழ்பெற்ற கட்டுரையிலேயே சூட்டைப் பற்றி ஒரு பகுதி இருக்கு. ஒரு சிப்புக்குள் இவ்வளவும் வேலை செய்தால் அந்தச் சூட்டை வெளியே எடுக்க முடியுமா என்று கேட்டு, முடியும் என்று பதிலும் சொன்னார். 1974 இல் ஐபிஎம்மின் ரொபர்ட் டெனார்டும் கூட்டாளிகளும் அதற்குக் கணக்குக் காட்டினார்கள்: ட்ரான்சிஸ்டரைச் சின்னதாக்கினால் அதற்குத் தேவையான வோல்டேஜும் குறையும், ஆகவே அதே பரப்பளவுக்குள் எத்தனை அடைத்தாலும் சூடு கூடாது. கேட்க நல்லாத்தான் இருக்கு. முப்பது வருசம் அந்தக் கணக்கை நம்பித்தான் ஓடினார்கள்.

இடையில் ஒரு கூத்து. 1980 இல் வந்த அப்பிள் III கணினியில் ஃபேன் வேண்டாம், சத்தம் பிடிக்காது என்று ஸ்டீவ் ஜொப்ஸ் நின்றார். சூடாகிச் சிப்புகள் இருக்கையிலிருந்து கழண்டன. கணினியின் முன்பக்கத்தைச் சில அங்குலம் தூக்கித் தொப்பென்று போடுங்க, சிப் திரும்ப இடத்தில் உட்காரும் என்பதுதான் அப்போது வாடிக்கையாளருக்குக் கிடைத்த ஆலோசனை. டீவியைத் தட்டிச் சரிப்படுத்தின எங்கட வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரிக்க இனி ஒருத்தருக்கும் உரிமையில்லை.

ஃபேன் இல்லாமல் சூட்டைச் சமாளிக்கவும் முடியும். 1982 இல் வந்த க்ரிட் கொம்பஸ், மூடி மடிக்கிற வடிவத்தில் வந்த முதல் கணினிகளில் ஒன்று. அதன் மக்னீசிய உடம்பே சூட்டை வெளியே கடத்தியது. விண்வெளி ஓடத்திலும் பறந்தது. ஆனால் தொண்ணூறுகளில் பென்டியம் வந்ததும் லப்டொப்புக்கு உடம்பு மட்டும் போதாமல் போனது. அப்போதுதான் இன்றைக்கு உங்கட லப்டொப்புக்குள் இருக்கிற சப்பையான செம்புக் குழாய் உள்ளே வந்தது. 1963 இல் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் க்ரோவர் செய்துகாட்டி, விண்கலங்களுக்குப் பயன்பட்ட சாமான் அது. பார்த்தால் கெட்டியான செம்புக் கம்பி மாதிரி இருக்கும், உள்ளே வெறுங்குழல். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சொட்டுத் தண்ணி விட்டிருக்கும். சிப் பக்கம் தண்ணி ஆவியாகும், ஃபேன் பக்கம் போய்க் குளிர்ந்து திரும்பத் தண்ணியாகி ஊறி வரும். பிட்டு அவிக்கிற பானையின் ஆவியில் கை பட்டால் ஏன் அப்படிப் பொசுக்குது என்று தெரிந்தவர்களுக்கு, ஆவி எவ்வளவு சூட்டைத் தூக்கிக்கொண்டு போகும் என்று விளக்கத் தேவையில்லை.

கதையின் முக்கியமான இடம் 2001. அந்த வருசம் பெப்ரவரியில் இன்டெலின் பட் கெல்சிங்கர் ஒரு மாநாட்டில் எச்சரித்தார்: இதே போக்கில் போனால் சிப்பின் ஒரு சதுர சென்றிமீற்றரில் வருகிற வெப்பம் அணு உலை, ரொக்கெட் வாய், கடைசியில் சூரியனின் மேற்பரப்பு என்று போய் நிற்கும். அதே வருசம் டொம்ஸ் ஹார்ட்வெயார் தளம் ஒரு வீடியோ போட்டது. கணினியில் கேம் ஓடிக்கொண்டிருக்கு. ஓட ஓட, சிப்புக்கு மேல் இருந்த குளிர்விப்பானைக் கையால் கழட்டி எடுக்கிறார்கள். ஏஎம்டி அத்லொன் சிப் சில விநாடியில் புகைந்து செத்தது. பென்டியம் III உறைந்து நின்றது. பென்டியம் 4 மட்டும் சாகவுமில்லை, நிற்கவுமில்லை. கேம் நத்தை மாதிரி ஊர்ந்தது. குளிர்விப்பானைத் திரும்ப வைத்ததும் பழைய வேகத்துக்கு வந்தது.

அந்த நத்தைதான் உங்கட ஸூம் வகுப்பில் வாறது. அந்தப் பழக்கம் இல்லாத காலத்தில் என்றால் புகைதான் வந்திருக்கும்.

டெனார்டின் கணக்கும் அந்தக் காலத்தோடு முறிந்தது. ட்ரான்சிஸ்டர் மிகச் சின்னதானதும் கரண்ட் கசியத் தொடங்கியது, வோல்டேஜை அதுக்கு மேல் இறக்க முடியவில்லை. 2004 மே மாதம் இன்டெல், தேஜாஸ் என்று பெயர் வைத்து வளர்த்த அடுத்த சிப்பையே கைவிட்டு, ஒரு சிப்புக்குள் இரண்டு மூளை வைக்கிற பாதைக்குத் திரும்பியது. உங்கட லப்டொப்பில் "டுவல் கோர்" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதுக்குப் பின்னாலும் சூடுதான் இருக்கு.

இந்த வரலாறு நடந்த காலத்தில் உப்புக்குளம் எங்கே இருந்தது? 1990 மே மாதம் விண்டோஸ் 3.0 வெளிவந்தது. அதே வருசம் ஒக்டோபர் கடைசியில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். மன்னாரிலிருந்து போனவர்களில் நிறையப் பேர் புத்தளத்தில் ஓலைக் குடிசைகளில் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம், வன்னியில், பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தது. உலகம் பென்டியத்தில் ஃபேன் பூட்டிக்கொண்டிருந்த வருசங்களில் வடக்கில் சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டார்கள். 2009 க்குப் பிறகு ஆட்களும் திரும்பி, கணினியும் வீட்டுக்குள் வரத் தொடங்கியபோது, அது பெரும்பாலும் யாரோ பாவித்துக் கழித்த லப்டொப்பாகத்தான் வந்தது. அதாவது அதன் நல்ல வயது வேறெங்கோ ஒரு ஏசி அறையில் கழிந்திட்டு. எங்களிடம் வரும்போதே சிப்புக்கும் குளிர்விப்பானுக்கும் நடுவில் பூசியிருக்கிற தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்காகியிருக்கும்.

மிச்சத்தை ஊர் செய்யும். பெயரிலேயே உப்பும் குளமும் இருக்கிற ஊர். முதலில் சூடு: 22 பாகை அறையில் 85 பாகையில் நிற்கிற சிப், அதே வேலைக்கு 34 பாகை அறையில் ஏறத்தாழ 97 இல் நிற்கும். எல்லைக்கு மூன்று பாகைதான் மிச்சம். அடுத்தது சோளகம். அது கிளம்பினால் கதவிடுக்காலும் மணல் தூள் வரும். அதோடு கடல் உப்பு. காற்றின் ஈரப்பதன் 75 சதவீதம் தாண்டினால் உப்பு தண்ணியை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். ராவில் ஈரமாகி, தூசியை ஒட்ட வைத்து, பகலில் காய்ந்து இறுகும். பஞ்சு மாதிரி இருக்க வேண்டிய தூசி இங்கே கம்பளித் துண்டு மாதிரி ஆகிறது இதனால்தான்.

கோந்தைப்பிட்டிக் கரையில் நிற்கிறவர்களுக்கு இது ஒன்றும் புதுசில்லை. படகு எஞ்சின் ஸ்டார்ட் பண்ணினதும் முதலில் பார்க்கிறது எதை? பின்னால் தண்ணி பீச்சுதா என்று. பீச்சாவிட்டால் மணலோ சாதாளையோ அடைச்சிட்டு, இல்லாவிட்டால் பம்பின் ரப்பர் இம்பெல்லர் போயிட்டு. எஞ்சின் எரியிறதுக்கு முன்னம் நிற்பாட்டணும். புது நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் சில சூடு கூடினால் தானாகவே வேகத்தைக் குறைக்கும். அப்போது "எஞ்சினுக்கு வைரஸ்" என்று ஒருத்தரும் சொல்றதில்லை.

லப்டொப்பிலும் அதேதான். வேலை கூடி ஃபேன் இரையும்போது காற்று வெளியேறும் வாயில் கையை வையுங்க. சூடான காற்று பலமாக வந்தால் வழி திறந்திருக்கு. ஃபேன் கத்துது, காற்று மட்டும் கொஞ்சமாக வருது என்றால் அடைப்பு. காற்று பலமாக, ஆனால் குளிராக வருது, சிப் மட்டும் கொதிக்குது என்றால் சூடு குழாய்க்கே போய்ச் சேரவில்லை, அநேகமாகப் பேஸ்ட் காய்ந்திருக்கு. டாஸ்க் மனேஜரில் பெர்ஃபோமன்ஸ், சிபியூ என்று போனால் இப்போதைய வேகமும் அடிப்படை வேகமும் கிகாஹெட்ஸில் தெரியும். வேலை நெருக்கும்போது வேகம் அடிப்படைக்கும் கீழே விழுந்தால், பெரும்பாலும் சிப் தன்னைக் காக்குது. சூட்டை எண்ணாகவே பார்க்க எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். ஒன்றைப் பிரித்தறியணும்: விடிய எழும்பி ஓன் பண்ணின உடனேயே மெதுவாக இருக்கு, டாஸ்க் மனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்குது என்றால் அது சூட்டுக் கதை இல்லை, பழைய ஹார்ட் டிஸ்க்.

திறக்கிறதாக இருந்தால் சார்ஜரைக் கழட்டி, மூடியைத் திறந்ததும் முதலில் பற்றரியின் இணைப்பையும் எடுங்க. அடைப்பு வெளியிலிருந்து தெரியாது. ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில், உள்பக்கமாகத்தான் அந்தக் கம்பளி படிந்திருக்கும். ஊதும்போது ஃபேன் இதழை விரலால் பிடித்துக்கொள்ளணும், சும்மா சுத்த விட்டால் பெயாரிங் போகும். பழைய பேஸ்ட்டை ஐசோப்ரோபைல் அல்கஹோலால் துடைத்து, புதுசு ஒரு பயறளவு வைத்தால் போதும். பற்பசை பூசலாம் என்று காட்டுகிற வீடியோக்களும் இருக்கு. அது காயும் வரைக்கும்தான் வேலை செய்யும், இங்கத்தை வெக்கையில் காய எவ்வளவு நேரம் எடுக்கும் என்று சொல்லவா வேணும். திறக்கப் பயம் என்றால் கடையில் "சர்வீஸ் பண்ணி பேஸ்ட் மாத்துங்க" என்று சொல்லிக் கேளுங்க. "ஸ்லோவா இருக்கு" என்று மட்டும் சொன்னால் விண்டோஸ்தான் அடிப்பாங்க.

2022 இல் ரூபாய் விழுந்து, டொலர் 200 இலிருந்து 350 க்கு மேல் போனபோது புது லப்டொப் எங்களில் பலருக்குக் கைக்கு எட்டாததாகிப் போச்சு. அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் வெட்டு. சீலிங் ஃபேன் நின்ற அறையில், பற்றரியில் ஓடுகிற பழைய லப்டொப்பைப் பாய்மேல் வைத்துப் படித்தவர்கள் இதை வாசிக்கிறவர்களில் இருப்பீங்க. பாயும் மெத்தையும் அடியில் காற்று இழுக்கிற வாயை மூடும். நாலு சோடாப் போத்தல் மூடி போதும், நாலு மூலைக்கும் வைத்துத் தூக்க. சில லப்டொப்பில் பவர் ஒப்ஷன்ஸில் ஆகக்கூடிய சிபியூ அளவை 100 இலிருந்து 99 ஆக்கினால் டர்போ வேகம் நின்று சூடு நல்லாக் குறையும். டைப் பண்ணவும் வகுப்புக் கேட்கவும் டர்போ தேவையில்லை.

இதெல்லாம் செய்த பிறகு அதே மத்தியானம், அதே வகுப்பு, அதே டாஸ்க் மனேஜரைத் திறந்து பாருங்க. சூடு 80 இல் நிற்குது, வேகமும் விழவில்லை, அப்படியும் இழுக்குது என்றால், சரி மச்சான், அப்ப விண்டோஸ் அடிக்கிறதைப் பற்றிக் கதைப்போம்.