புள்ளலூர்ப் போரும் பொம்மைப் படைகளும்

பெரிய மேசை ஒன்றின்மீது பச்சைத் துணி விரித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் ஈர்க்குச்சியாலும் பஞ்சாலும் செய்த தோப்பு. நீலத் தாளில் வெட்டிய ஏரி. நடுவே விரல் நீளங்கூட இல்லாத பொம்மைச் சிப்பாய்கள் வரிசை வரிசையாக நிற்கிறார்கள். மேசையின் இருபுறமும் இருவர், கையில் அளவுகோலும் பகடைக்காய்களுமாக. 1780ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்துக்கு வடக்கே புள்ளலூரில் நடந்த போரை இவர்கள் மீண்டும் நடத்திக்கொண்டிருக்கிறார்கள்!

பிள்ளை விளையாட்டு என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். 1812இல் ரைஸ்விட்ஸ் என்னும் பிரஷ்யப் பிரபு, நிலத்தின் மேடுபள்ளங்களைக் காட்டும் போர் விளையாட்டு மேசை ஒன்றைத் தம் மன்னருக்கு அளித்தார். பீரங்கிப்படை அதிகாரியான அவருடைய மகன் 1824இல் அதைத் திருத்தி, 8,000இல் ஒரு பங்கு அளவுள்ள நிலப்படத்தில் ஆடும்படி விதிகளை வெளியிட்டார். ஒவ்வோர் ஆட்டமுறையும் இரண்டு நிமிடப் போரைக் குறிக்கும். நடுவில் ஒரு நடுவர் இருப்பார். எதிரியின் படை உங்கள் வீரர்களின் கண்ணுக்குத் தெரியக்கூடிய இடத்துக்கு வந்தால்தான் அதைப் படத்தில் வைப்பார். இந்த நடுவரைச் சற்று நினைவில் வைத்திருங்கள். பிரஷ்ய இராணுவம் இதைப் பயிற்சிக் கருவியாக ஏற்றுக்கொண்டது.

விளையாட்டறைக்கு இதைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ். பொம்மை வீரர்களையும் சுருள்வில் பீரங்கியையும் கொண்டு தரையில் ஆடும் முறையை 1913இல் நூலாக எழுதினார். இந்தச் சிறு போரை ஆடிப் பார்த்தவர்களுக்குப் பெரிய போர் எத்தனை அறிவீனமானது என்பது விளங்கும் என்பது அவர் கட்சி. மறு ஆண்டே உலகப் போர் மூண்டது. 1960களிலிருந்து பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இப்பொழுதுபோக்கு பரவியது. குடியேற்ற ஆட்சிக் காலப் போர்கள் அதில் ஒரு தனிப் பிரிவாகவே வளர்ந்தன.

இனிப் புள்ளலூருக்கு வருவோம். (பல்லவ மகேந்திரவர்மன் பகைவரை வென்றதாகக் காசக்குடிச் செப்பேடு கூறும் ஊரும் இதுவே.) ஹைதர் அலி ஆர்க்காட்டுப் பகுதிக்குள் புகுந்தபோது, கும்பெனியின் ஒரு படை கர்னல் பெய்லியின் தலைமையில் குண்டூரிலிருந்து தெற்கே வந்தது. மற்றொன்று ஹெக்டர் மன்றோவின் தலைமையில் காஞ்சிபுரத்தில் இருந்தது. இவர் சென்னையில் குதிரைமீது சிலையாக நிற்கும் தாமஸ் மன்றோ அல்லர், வேறொருவர். கொசத்தலையாற்று வெள்ளம் பெய்லியைப் பல நாள் தடுத்து நிறுத்தியது. மன்றோ அனுப்பிய துணைப்படையும் சேர்ந்து பெய்லியிடம் சுமார் 3,800 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். திப்புவும் ஹைதரும் அவர்களைச் சூழ்ந்துகொண்டனர். பீரங்கிகளும் இரும்புக் குழல் ராக்கெட்டுகளும் தாக்கின. கும்பெனியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. பெய்லி சரணடைந்தார், 1782இல் சீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே இறந்தார். மன்றோ தம் பெரும் பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார்.

இதை மேசையில் அமைப்பது எப்படி? ஒரு செ.மீ. என்பது பத்து மீட்டர் என்று கொள்வோம். 180 செ.மீ. நீள மேசையில் 1.8 கி.மீ. நிலம் அடங்கும். ஆனால் பொம்மையின் உயரம் 28 மி.மீ. அதே அளவில் கணக்கிட்டால் அந்தச் சிப்பாய் 28 மீட்டர் உயரம், அதாவது எட்டொன்பது மாடிக் கட்டடம்! ஆகவே நிலத்துக்கு ஓர் அளவு, ஆளுக்கு ஓர் அளவு என்று வைத்து, ஒரு பொம்மை இருபது பேருக்குச் சமம் என்று கொள்கிறார்கள். பெய்லியின் படைக்கு 190 பொம்மைகள் போதும்.

துப்பாக்கிச் சூட்டைப் பகடை தீர்மானிக்கிறது. ஆறு விழுந்தால் ஒருவர் வீழ்ந்தார் என்பது விதியானால், பத்துப் பொம்மைகள் சுடும்போது சராசரியாக ஒன்றிரண்டு விழும். ஆனால் நூற்றுக்குப் பதினாறு தடவை ஒன்றுகூட விழாது. ஐந்து விழுந்தாலும் வீழ்ந்ததாகக் கொண்டால்? சராசரி இரட்டிப்பாகிவிடும். போரின் முடிவையே மாற்றிவிடக்கூடிய இந்த எண்ணை எங்கிருந்து எடுப்பது?

இங்கேதான் சங்கடம் தொடங்குகிறது. குடியேற்றப் போர்களுக்கான விதிநூல்கள் பலவற்றில், ஐரோப்பியத் தலைமையிலுள்ள படை ‘ஒழுங்குள்ள படை’. எதிரே நிற்பது ‘ஒழுங்கற்ற கூட்டம்’. அதற்கேற்பவே சுடும் திறனுக்கும் மன உறுதிக்கும் எண்கள் தரப்படுகின்றன. ஹைதரின் காலாட்படையோ பயிற்சி பெற்றது, பீரங்கிகள் மிகுதி, பிரெஞ்சு அதிகாரிகளும் உடனிருந்தனர். அதைக் கூட்டம் என்று எழுதிவிட்டு ஆடிப் பாருங்கள். வெடிமருந்து வண்டி வெடித்தாலொழியப் பெய்லி தோற்கமாட்டார். ‘விபத்தால்தான் தோற்றோம்’ என்ற பழைய சமாதானத்துக்கு மேசையே சாட்சி சொல்வதுபோல் இருக்கும்! இருதரப்புக்கும் சம எண் கொடுத்துப் பாருங்கள். வண்டி வெடிக்காமலே அவர் சூழப்பட்டு வீழ்வார். ஆக, விடை பகடையில் இல்லை. நாம் முன்கூட்டியே எழுதி வைத்த எண்ணில் இருக்கிறது. சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையில் திப்பு தீட்டுவித்த சுவரோவியத்திலும் அந்த வெடிப்பு உண்டு. அங்கே அது விபத்தாக அல்ல, வெற்றியின் ஒரு பகுதியாகவே காட்சி தருகிறது.

இன்னொரு கோளாறு, ஆடுபவர் பருந்துபோல் மேலிருந்து எல்லாவற்றையும் பார்ப்பது. நம் அளவின்படி ஏறக்குறைய 15 கி.மீ. தொலைவிலுள்ள காஞ்சிபுரம் 15 மீட்டர் தள்ளி, அதாவது அடுத்த வீட்டில் இருக்க வேண்டும். மேசையருகே நிற்கும் எவரும் மன்றோவைத் திட்டலாம்: ஏன் உடனே புறப்படவில்லை? மன்றோவோ மேசையைப் பார்க்கவில்லை. படைக்கு வேண்டிய உணவுப் பொருள் கோயிலில் குவிந்திருந்தது. அதை விட்டு நகர அவருக்கு அச்சம். அவர் பிழையே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதை வைத்தே அந்தப் பிழையை அளக்க வேண்டும். ரைஸ்விட்ஸின் நடுவர் இங்கேதான் தேவைப்படுகிறார்.

நீங்களும் இதை ஆடிப் பார்க்கலாம். ஈயப் பொம்மைகள் வேண்டாம், அட்டைத் துண்டுகள் போதும். ஒரே ஒரு விதியை மட்டும் மாற்றி, பத்துப் பத்து முறை ஆடி, முடிவுகளை ஏட்டில் குறித்து வாருங்கள். மன்றோவாக ஆடும் நண்பரை மட்டும் அடுத்த அறையில் உட்கார வையுங்கள். நடுவர் அவரிடம் ஒரு சீட்டைக் கொடுக்கட்டும்: ‘வடக்கே பீரங்கியோசை கேட்கிறது.’ அதற்குமேல் அவர் என்ன கேட்டாலும் சொல்ல வேண்டாம்.