டாமியா ரேடியோ டிரக்குகள்

டாமியா ரேடியோ டிரக்குகள் என்பவை ஜப்பானின் ஷிசுவோகா நகரைச் சேர்ந்த டாமியா நிறுவனம் 1980-களின் தொடக்கம் முதல் விற்றுவரும் மின்மோட்டார் மாதிரி வண்டிகள். ரிமோட்டில் ஓடும் இவற்றில் பெரும்பாலானவை 1/10 அளவிலான பிக்கப் வண்டிகள். இவற்றை வாங்கியவுடன் ஓட்டிவிட முடியாது. பெட்டிக்குள் உதிரிபாகங்களும் திருகுகளும் பல்சக்கரங்களும் ஒரு கையேடும் இருக்கும். வாங்கியவரேதான் பூட்ட வேண்டும். தன் கையால் பூட்டியவருக்குக் கழற்றவும் தெரியும். நாற்பதாண்டுப் பழைய வண்டிகள் இன்றும் ஓடுவதற்கும், அவற்றைத் தேடிப்பிடித்துச் சீர்செய்வது தனியொரு பொழுதுபோக்காக வளர்ந்ததற்கும் இதுவே முதற்காரணம்.

பின்னணி

கம்பியில்லாமல் ஒரு வாகனத்தை இயக்கிக் காட்டியவர்களில் முன்னோடி நிகோலா டெஸ்லா. 1898-இல் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் அவர் ஒரு சிறு படகை இப்படி ஓட்டினார். டிரான்சிஸ்டர் வந்து ரேடியோக் கருவிகள் சிறுத்த பிறகுதான், 1960-களில், இந்த முறை கார் பொம்மைகளுக்குள் புகுந்தது.

டாமியா 1946-இல் யோஷியோ டாமியா மர அறுவை ஆலையோடு தொடங்கிய மரக் கடை. கூடவே மரத்தாலான மாதிரிகளும் விற்றது. 1951-இல் நேர்ந்த தீவிபத்தில் மர அறுவை ஆலை அழிந்தது. 1953-இல் மர வியாபாரத்தைக் கைவிட்டு மாதிரிகளில் மட்டும் இறங்கினார்கள். 1960-இல் யாமடோ போர்க்கப்பலின் வடிவில் முதல் பிளாஸ்டிக் கிட் வந்தது. பின்னர் நிறுவனத்தின் முகமாக மாறிய ஷுன்சாகு டாமியா, நிறுவனரின் மகன். அவர் 2025-இல் மறைந்தார்.

ரேடியோ கார்களுக்கு டாமியா வந்தது கணக்குப் பார்த்துத்தான். போர்ஷே 934-ஐ 1/12 அளவில் துல்லியமாகச் செய்வதற்காக உண்மையான போர்ஷே 911 ஒன்றை வாங்கி முழுவதும் பிரித்துப் பார்த்தார்கள். வார்ப்பு அச்சுகளுக்கு ஆன செலவை மீட்க, அதே உடலுக்குள் ரேடியோவும் மோட்டாரும் வைத்து 1976-இல் விற்பனைக்கு விட்டார்கள். அதுவே நிறுவனத்தின் முதல் ரேடியோ கார். மூன்றாண்டில் சாலையைவிட்டு மணலில் இறங்கினார்கள். 1979-இல் வந்த சாண்ட் ஸ்கார்ச்சரும் ரஃப் ரைடரும் வார்ப்பு உலோக சஸ்பென்ஷனும், ரேடியோவை நீர் புகாமல் காக்கும் மூடிய பெட்டியும் கொண்டவை.

ஹைலக்ஸும் புரூயிசரும்

1981-இல் வெளியான டொயோட்டா ஹைலக்ஸ் 4x4 பிக்கப்பைத்தான் இந்த வரலாற்றின் உண்மையான தொடக்கமாகக் கொள்ள வேண்டும். உலோகத்தாலான ஏணிச் சட்டகம், லாரிகளில் காண்பது போன்ற பட்டை ஸ்பிரிங்குகள், நான்கு சக்கரங்களையும் சுழற்றும் அச்சுகள் எல்லாம் அதில் இருந்தன. அதற்கும் மேலாக, ஓடிக்கொண்டிருக்கும்போதே ரிமோட்டிலிருந்து மாற்றக்கூடிய மூன்று கியர்களும் இருந்தன. அக்காலத்து ரேடியோக்கள் பெரும்பாலும் இரண்டு சேனல் கொண்டவை: ஒன்று ஸ்டியரிங்குக்கு, மற்றது வேகத்துக்கு. ஹைலக்ஸுக்கோ கியருக்கென்று மூன்றாவது சேனலும் தேவைப்பட்டது. பந்தயத்துக்கு இது ஏற்ற வண்டி அல்ல. கனம் அதிகம், வேகம் குறைவு. ஆனால் உண்மையான வண்டி எப்படி இயங்குகிறது என்பதை மேசைமேல் விரித்துக் காட்டியது. சேகரிப்பாளர்கள் இன்றும் அதை மதிப்பது அதற்காகவே.

அதே வழியில் 1985-இல் புரூயிசர் வந்தது. சக்கரங்கள் பெரிதாயின, 540 ரக மோட்டாருக்குப் பதில் அதைவிடத் தடித்த 750 ரக மோட்டார் அமர்ந்தது. 1992-இல் மவுண்டனீர் என்ற பெயரில் அதே கட்டமைப்பு வேறு உடலோடு திரும்பி வந்தது. ஹைலக்ஸ், புரூயிசர், மவுண்டனீர் ஆகிய மூன்றையும் ஒருசேர வைத்திருப்பது இத்துறையில் பெருமைக்குரிய விஷயம்.

ராட்சதச் சக்கரங்கள்

இதற்கிடையே அமெரிக்காவில் மான்ஸ்டர் டிரக் என்ற வேறொரு மோகம் கிளம்பியிருந்தது. மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் பகுதியைச் சேர்ந்த பாப் சாண்ட்லர், தம் 1974 ஃபோர்டு எஃப்-250 பிக்கப்புக்குப் பெருஞ்சக்கரங்கள் பூட்டி, பிக்ஃபுட் என்று பெயரிட்டு, 1981-இல் பழைய கார்கள்மேல் ஏற்றி நசுக்கினார். அதைக் காண வந்தவர்களால் மைதானங்கள் நிறையத் தொடங்கின. சிறுவர்களுக்கு அதே வண்டி கைக்கு அடக்கமாக வேண்டியிருந்தது.

1986-இல் டாமியா பிளாக்ஃபுட்டையும் மான்ஸ்டர் பீட்டிலையும் வெளியிட்டது. இரண்டுமே 1983-இன் ஃப்ராக் பக்கியிலிருந்து வளர்ந்த சட்டகத்தில் நிற்பவை. பின்சக்கரங்கள் மட்டுமே உந்தும். இலகுவான பக்கிக்காக வடிவமைத்த கியர்பெட்டியில் பெரிய டயர்களை மாட்டியதன் விளைவு, பயன்படுத்திய எல்லாருக்கும் தெரியும்: அறுகோண முனை கொண்ட சுழல்தண்டுகள் தம் குழிகளைத் தேய்த்து வழுக்கிவிடும். பழைய பிளாக்ஃபுட் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

1987 செழிப்பான ஆண்டு. லஞ்ச் பாக்ஸ் என்ற மஞ்சள் வேனும், 1950-களின் பிக்கப் உருவத்தில் மிட்நைட் பம்ப்கினும் வந்தன. சட்டகம் குறுகியது, உயரம் அதிகம். வேகத்தைக் கூட்டினால் முன்சக்கரங்கள் எழும்பும்; திருப்பத்தில் கவிழும். பொறியியலாகப் பார்த்தால் குறை. ஆனால் அவ்வண்டிகள் விற்றதே இந்தக் கூத்துக்காகத்தான்.

அதே ஆண்டு வந்த கிளாட் பஸ்டர்தான் இந்தப் பட்டியலில் தனித்து நிற்பது. செவர்லே பிக்கப் உடல். முன்னச்சில் ஒரு 540 மோட்டார், பின்னச்சில் இன்னொன்று. ஒவ்வொன்றும் அச்சோடு ஒட்டிய தன் கியர்பெட்டியைச் சுழற்றும். ஆகையால் இரண்டு அச்சுகளையும் இணைக்கும் நீளத்தண்டு தேவையில்லை. நான்கு சக்கரங்களும் திரும்பும். குறைகளும் இருந்தன: சஸ்பென்ஷன் விறைப்பு, ஸ்டியரிங் இணைப்புகளில் தளர்ச்சி. ஆனால் நடுச்சட்டகம் வெறும் இணைப்பாக இருந்ததால், அச்சுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தாமே வடிவமைக்க அமெரிக்க ஆர்வலர்களால் முடிந்தது. மான்ஸ்டர் டிரக் பந்தயங்களில் இன்றும் கிளாட் அச்சுகள் ஓடுகின்றன. 2000-களில் பாறை ஏறும் வண்டிகள் பரவத் தொடங்கியபோதும் பலர் கைவைத்தது இவற்றில்தான். போட்டி நிறுவனங்களான கியோஷோவின் யூஎஸ்ஏ-1, மாருயியின் பிக் பேர் போன்ற வண்டிகளும் இதே காலத்தவை. அவற்றுக்கும் சேகரிப்பாளர்கள் உண்டு, ஆனால் உதிரிபாகம் கிடைப்பது பெரும்பாடு.

சேகரிப்பும் மறுவெளியீடும்

1980-களில் இவ்வண்டிகளுக்கு ஏங்கிய சிறுவர்கள் சம்பளம் வாங்கும் வயதை எட்டியபோது, இணைய ஏலச் சந்தையும் வந்து சேர்ந்தது. பரணில் கிடந்த வண்டிகள் கண்டம் தாண்டின. பிரிக்காத பெட்டிக்கு ஒரு விலை, பூட்டியும் ஓட்டாத வண்டிக்கு ஒரு விலை, உடைந்த உருப்படிக்கு ஒரு விலை என்று தரவரிசை உருவானது. பெட்டியின் மேலட்டை ஓவியத்துக்கும் கையேட்டுக்கும்கூடத் தனி மதிப்பு உண்டு.

அதன்பின் நிறுவனமே குறுக்கே வந்தது. 2000-களின் நடுவிலிருந்து பழைய கிட்களை மீண்டும் வெளியிடத் தொடங்கியது: லஞ்ச் பாக்ஸ் 2005-இல், சாண்ட் ஸ்கார்ச்சர் 2010-இல், புரூயிசர் 2012-இல், மான்ஸ்டர் பீட்டில் 2015-இல், பிளாக்ஃபுட் 2016-இல். இவை எல்லாமே அசலின் நகல் அல்ல. புதிய புரூயிசரில் 750 மோட்டாரின் இடத்தில் 540 இருக்கிறது. 2007-இல் வந்த ஹைலக்ஸ் ஹை-லிஃப்டில், 1/14 அளவு டிராக்டர் லாரிகளுக்காகச் செய்த மூன்று கியர் பெட்டி இருக்கிறது. பழைய ஹைலக்ஸுக்கு அது உறவே தவிர இரட்டையல்ல.

மறுவெளியீடு சேகரிப்பைக் கெடுத்துவிட்டது என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. அந்தக் குறை பெட்டியைப் பிரிக்காமல் முதலீடாக வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே பொருந்தும். ஓட்டுபவர்களுக்கு இது வரமாகவே வந்தது: உடல், டயர், ஸ்டிக்கர், பல்சக்கரம் எல்லாம் மறுபடி புதிதாகக் கிடைத்தன. ஒரு தொல்லை மட்டும் உண்டு. புதிய பாகங்களால் கட்டிய வண்டியை 1980-களின் அசல் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள்.

புதுப்பித்தல்

இது பொறுமையின் வேலை. முதல் கருவி ஸ்க்ரூடிரைவர். முதல் தவறும் அதிலேயே நேர்கிறது. டாமியாவின் கூட்டல்குறித் திருகுகள் ஜப்பானிய ஜிஸ் தரத்தவை. பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் ஃபிலிப்ஸ் முனையைச் செலுத்தினால், அழுத்தும்போது வழுக்கித் தலையைச் சிதைத்துவிடும். ஜிஸ் முனை கொண்ட ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் பழைய வண்டியைத் தொடாதிருப்பதே நல்லது.

கழற்றிய பின் இறுகிப்போன கிரீஸை வழித்தெடுக்க வேண்டும். சஸ்பென்ஷன் கைகளும் இணைப்புகளும் பெரும்பாலும் நைலான். நைலான் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும் பொருள், உலர்ந்தால் நொறுங்கும். அதனால் பழைய நைலான் பாகங்களை வெந்நீரில் கொதிக்கவைத்து நெகிழ்வை மீட்பது வழக்கம். கெட்டியான பிளாஸ்டிக் உடல்களில் மேலே அடித்த பெயிண்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஊறவைத்து நீக்கலாம். ஒளிபுகும் பாலிகார்பனேட் உடல்களில் பெயிண்ட் உட்புறம் இருக்கும். அதை நீக்குவது மிகக் கடினம், புது உடல் வாங்குவதே மேல். குரோம் பூச்சு போன பாகங்களை வீட்டில் மீட்க முடியாது. டயர் ரப்பர் வெடிப்பதற்கு வயதே போதும். அலமாரியில் வைக்கும்போது சட்டகத்தின் கீழ் தாங்கி கொடுத்துச் சக்கரங்களை அந்தரத்தில் விட்டால், டயர் ஒருபக்கம் தட்டையாகாது.

கிட்டோடு வந்த பிளாஸ்டிக், வெண்கலப் புஷ்களை எடுத்துவிட்டு பால் பேரிங் போடுவதை அசலுக்கு மாறானது என்று சிலர் ஒதுக்குவர். ஓட்டும் வண்டிக்கு அது அவசியம். வெளியே தெரியாத மாற்றம் அசல்தன்மையைக் கெடுப்பதில்லை.

ஓட்டுதல்

அசல் வண்டிகளில் வேகத்தைக் கட்டுப்படுத்தியது ஒரு சர்வோ மோட்டார். அது தொடுமுனை ஒன்றை மின்தடைப் பட்டைமேல் நகர்த்தும். மிச்ச மின்சாரம் பீங்கான் மின்தடையில் சூடாக வெளியேறும். இன்று பெரும்பாலோர் மின்னணுக் கட்டுப்பாட்டுக்கு மாறிவிட்டார்கள். 27 மெகாஹெர்ட்ஸ் ரேடியோக்களில் கிரிஸ்டலை மாற்றி அலைவரிசை பிரித்துக்கொள்ள வேண்டும். இருவர் ஒரே கிரிஸ்டலில் ஓட்டினால் ஒருவர் வண்டி மற்றவர் சொல்படி திரும்பும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோக்கள் வந்து அந்தச் சண்டை ஓய்ந்தது.

அக்காலத்து 7.2 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரியின் இடத்தில் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு போதுமானது. லித்தியம்-பாலிமர் போட விரும்பினால், ஒரு செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் தானே நிறுத்தும் கட்டுப்பாடு கட்டாயம் வேண்டும். அது பழைய சர்வோ முறையில் கிடையாது. அதோடு கூடுதல் விசை நேரே பல்சக்கரங்களில் இறங்கும். பிளாக்ஃபுட் போன்ற வண்டிகள் அதைத் தாங்கமாட்டா.

இத்துறைக்குப் புதிதாக வருபவர் முதல் வண்டியாகப் பழைய புரூயிசரைத் தேட வேண்டாம். மறுவெளியீட்டு லஞ்ச் பாக்ஸ் ஒன்றை வாங்கி, கையேட்டின் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை தாமே பூட்டி, உடையும்வரை ஓட்டி, உடைந்ததை மாற்ற வேண்டும். பழைய வண்டி ஒன்றை விற்பவர் முன்னால் எடுத்து வைக்கும்போது எது தேய்ந்திருக்கிறது, எது குறைகிறது என்று கண்டுகொள்ள அந்தப் பழக்கமே உதவும்.