ஆங்கில ஆசிரியரும் அறிவுப்பொறியும்

நம் மக்களுக்கு ஆங்கிலம் அலங்கார மொழியன்று. நீதி கேட்ட மொழி. பள்ளி ஆசிரியராய்ப் பணியாற்றிய எம். சி. ராஜா 1925-இல் நம் குறைகளை ஆங்கில நூலாக்கினார். 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் டாக்டர் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனாரும் அம்மொழியிலேயே உரிமை கேட்டனர்.

அந்த அம்பேத்கரைச் சிறுவயதில் கோணிமேல் தனியே அமர்த்தியதும் ஒரு பள்ளியே. ஆகவே, 2022-க்குப் பின் பரவிய செயற்கை நுண்ணறிவுப் பொறி சாதி பாராமல் கற்பிக்குமென்று சிலர் மகிழ்வதை நாம் எள்ளுவதற்கில்லை. பிழைகளை அது சலிப்பின்றித் திருத்தும். ஆயின், மனிதர் எழுதியவற்றிலிருந்தே கற்ற பொறியில் மனிதரின் ஏற்றத்தாழ்வும் படியும். வீட்டில் ஆங்கிலம் கேட்டறியாத பிள்ளை வாய் திறக்க அஞ்சுவதைக் கண்டு, பெயர் சொல்லி அழைத்து, முன்வரிசையில் அமர்த்தி, முதல் வாக்கியத்தைப் பேசுவிப்பவர் ஆசிரியரே. பள்ளி செய்த புண்ணைப் பள்ளியிலேதான் ஆற்றவேண்டும்; அப்பணியைப் பொறியிடம் ஒப்படைக்க நாம் இசையோம்.