ஷோரூம் நாற்காலிகள்: ஒரு குட்டி வரலாறு

கார் டீலர்ஷிப்பில் என்னென்ன வேலை இருக்கிறது என்று கேட்டால் பட்டியல் போடுவது சுலபம். சேல்ஸ்மேன், அவருக்கு மேலே மேனேஜர், பழைய வண்டிக்கு ஒருவர், லோன் பேப்பர் பார்க்க ஒருவர், சர்வீஸ் அட்வைசர், மெக்கானிக், ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்ட்டர், கணக்கர். காமர்ஸ் படிக்கிறவனுக்கு வருகிற கேள்வி வேறு. இத்தனை நாற்காலியை யார், எதற்காகப் போட்டார்கள்? இந்த வியாபாரம் வளர்ந்த அமெரிக்காவின் கதையைப் புரட்டினால் பதில் கொஞ்சம் விவகாரமாக இருக்கிறது. இவற்றில் பல, வாடிக்கையாளருக்காகப் போடப்பட்டவையே இல்லை. விற்காத வண்டியின் பாரத்தை யார் தலையில் கட்டுவது என்ற சண்டையில் முளைத்தவை!

முதலில் எல்லாம் ஒரே ஆள்தான். சைக்கிள் கடைக்காரரோ, குதிரை வண்டி விற்றவரோ கூடவே காரும் விற்றார். அவரே ஓட்டக் கற்றுக்கொடுப்பார், அவரே ரிப்பேர் பார்ப்பார். 1908-ல் 850 டாலருக்கு ஃபோர்டின் மாடல் டி வந்து ஊர் ஊராகப் பரவியதும், விற்பவர் உதிரிபாகம் வைத்திருக்க வேண்டும், பழுது பார்க்க வேண்டும் என்று கம்பெனி கட்டாயப்படுத்தியது. மெக்கானிக்கும் பார்ட்ஸ் கவுன்ட்டரும் அப்படி நிலைபெற்றன. இதுவரை நியாயம்.

அடுத்து நடந்ததுதான் விஷயம். 1919-ல் ஹென்றி ஃபோர்டு மற்ற பங்குதாரர்களின் பங்குகளை எல்லாம் 10 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார். அதற்காக எடுத்த வங்கிக் கடனின் கெடு 1921-ல் நெருங்கியது. 1920 கடைசியிலோ நாட்டில் மந்தம், கார் வாங்க ஆளில்லை. வேறு யாராக இருந்தாலும் வங்கியிடம் போய் இன்னும் கொஞ்சம் கடன் கேட்டிருப்பார்கள். ஃபோர்டு என்ன செய்தார்? கையிலிருந்த பாகங்களை வைத்து வண்டிகளைப் பூட்டி, டீலர்கள் கேட்காமலே ரயிலில் ஏற்றி அனுப்பிவிட்டார். வண்டி வந்ததும் ரொக்கம் கட்ட வேண்டும். மறுத்தால் டீலர் உரிமை போய்விடும் என்ற பயம். டீலர்கள் உள்ளூர் வங்கிகளில் கடன் வாங்கிக் கட்டினார்கள். அதாவது ஃபோர்டு வாங்க விரும்பாத கடனை அவருக்காக ஊர் ஊராக இவர்கள் வாங்கினார்கள். (பாடப் புத்தகத்தில் இதற்கு "நடப்பு மூலதன மேலாண்மை" என்று அழகான பெயர் இருக்கிறது!)

ஜெனரல் மோட்டார்ஸ் இதே சிக்கலை வேறு மாதிரி அணுகியது. ஆலை குளிர்காலத்திலும் ஓடவேண்டும், ஜனங்களோ வசந்தத்தில்தான் கார் வாங்குவார்கள். நடுவில் வண்டியை டீலர் வாங்கி வைத்திருக்கப் பணம்? அதற்காக 1919-ல் ஜிஎம்ஏசி என்ற கடன் நிறுவனத்தைத் தொடங்கியது. டீலர் சரக்கெடுக்கவும் கடன், வாடிக்கையாளர் வாங்கவும் கடன். ஃபோர்டு 1923-ல் கொண்டுவந்த திட்டத்தில் வாரம் 5 டாலர் கட்டிக்கொண்டே போய், முழுத்தொகையும் சேர்ந்த பிறகுதான் கார் கையில் வரும். எது ஜெயித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை :-) லோன் மேஜைக்கு விதை இதுதான்.

எல்லோரிடமும் கார் வந்தபின் அடுத்த தலைவலி. புதுசு வாங்க வருகிறவர் பழசை ஓட்டிக்கொண்டு வந்தார். ஒரு கணக்குப் பார்ப்போம் (எண்கள் நான் போட்டவை). புது வண்டியில் லாபம் 150 டாலர். பழைய வண்டியை 300-க்கு எடுத்தாயிற்று, விற்றதோ 180-க்கு. அங்கே 120 போச்சு. மிச்சமிருக்கிற 30-ல் சேல்ஸ்மேன் கமிஷனும் கொடுக்க வேண்டும். கவனியுங்கள், சேல்ஸ்மேன் தன் விற்பனையை முடிக்கப் பழசுக்கு அதிக விலை பேசிவிடுவார். அவர் கையிலிருந்து அந்த அதிகாரத்தைப் பிடுங்கி, மதிப்புப் போடத் தனி ஆள் வைத்ததற்குக் காரணம் இதுதான்.

எந்தப் பிரிவில் பணம் ஒழுகுகிறது என்பதே பல டீலர்களுக்குத் தெரியாமல் இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் ஊர் ஊராகப் போய் டீலர்களோடு உட்கார்ந்து பேசியவர். 1927-ல் டீலர்களுக்கெல்லாம் ஒரே மாதிரி கணக்கு முறை புகுத்தவே மோட்டார்ஸ் அக்கவுன்டிங் கம்பெனி என்று ஒன்றை ஜெனரல் மோட்டார்ஸ் ஆரம்பித்தது. புது வண்டி, பழைய வண்டி, சர்வீஸ், பார்ட்ஸ் எல்லாம் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தது. டீலருக்கும் லாபம், கம்பெனிக்கோ டீலரின் பேரேடே திறந்த புத்தகம். நம்ம ஆள் கணக்கர் யாருக்கு வேலை பார்த்தார் என்று யோசிக்கலாம்.

1942 பிப்ரவரியில் போருக்காகப் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நின்றது. விற்கப் புது வண்டியே இல்லாதபோது பட்டறைதான் பல டீலர்களைக் காப்பாற்றியது. ஷோரூமில் கோட்டு போட்டவரைக் கிரீஸ் கறை படிந்தவர் தாங்கிய காலம்.

1950-களில் பழைய குருடி கதவைத் திறடி. ஃபோர்டும் ஷெவர்லேயும் போட்டி போட்டு டீலர்களிடம் வண்டிகளைத் திணித்தன. 1956-ல் வந்த சட்டம், நேர்மையில்லாமல் நடக்கும் கம்பெனி மீது டீலர் வழக்குப் போட வழி செய்தது. செனட்டர் மன்ரோனி கொண்டுவந்த 1958 சட்டப்படி விலைச்சீட்டு கண்ணாடியில் ஏறியது. அதற்குப் பிறகும் திறமைக்கு இடமிருந்தது. டெட்ராய்ட் பக்கம் ஷெவர்லே விற்ற ஜோ ஜிரார்டு 1973-ல் மட்டும் 1,425 வண்டி விற்றார், நாளுக்குக் கிட்டத்தட்ட நாலு!

ஆனால் எந்தத் திறமையும் 2009-ல் உதவவில்லை. ஏப்ரல் 30-ல் கிரைஸ்லர் திவால் மனு போட்டது. மே 14-ல் 789 டீலர்களின் பட்டியலை வெளியிட்டது, ஜூன் 9-க்குள் உரிமை முடிந்தது. 26 நாள்! விற்காத வண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது, வேறு டீலருக்கு மாற்றிவிட உதவுகிறோம் என்றது கம்பெனி. டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் நடுவரிடம் முறையிட வழி செய்தது, சிலருக்கு உரிமை திரும்பக் கிடைத்தது. அதுவரை சம்பளமில்லாமல் எந்த மெக்கானிக் காத்திருப்பார்?