மூன்றாண்டு நின்ற எஞ்சின்கள்: போர்க்காலப் பிரிட்டனில் பழுதறிதல்

1939 செப்டம்பரில் போர் மூண்டதும் பெட்ரோலுக்குப் பங்கீடு விதித்த பிரிட்டன் அரசு, 1942 ஜூலையில் சொந்தக் கார்களுக்கான அடிப்படைப் பங்கையும் நிறுத்திவிட, 1945 ஜூனில் அது திரும்பக் கிடைக்கும்வரை எண்ணற்ற கார்கள் முட்டுக்கட்டைகளின் மேல் ஏற்றப்பட்டு அசையாமல் நின்றன. குளிர்காலத்தில் சில மாதங்கள் காரை ஓட்டாமல் வைக்கும் வழக்கம் அங்கு முன்பே இருந்ததெனினும், இத்தனை வண்டிகள் ஒருசேர இவ்வளவு காலம் நின்றதில்லை; ஆகவே, ஓடித் தேய்வதால் வரும் பழுதுக்கும் ஓடாமல் கெடுவதால் வரும் பழுதுக்கும் உள்ள வேறுபாடு அக்கால மெக்கானிக்குகளின் கைக்கு நன்றாகப் பழகியிருக்க வேண்டும்.

முதலில் கெடுவது பேட்டரி. ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் கொண்ட அது, பயன்படுத்தாவிட்டாலும் தானே மின்னிழக்கும். அந்நிலையிலேயே விடப்பட்டால் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிப் படிந்து, மீண்டும் மின்னேற்ற இயலாமற் செய்துவிடும். ஆனால் அக்காலக் கார்களில் எஞ்சினைக் கையால் சுழற்றும் கிராங்க் கைப்பிடி இருந்தமையால், பேட்டரி செத்திருந்தாலும் சோதனை நிற்கவில்லை. நான்கு சிலிண்டர் எஞ்சினில், உள்ளிழுத்த கலவையைப் பிஸ்டன் அழுத்துவதால் எழும் எதிர்ப்பு அரைச் சுற்றுக்கு ஒருமுறை கையில் தெரியும். ஓரிடத்தில் மட்டும் கைப்பிடி தளர்ந்து சென்றால் வால்வு ஒன்று திறந்தபடியே ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்றும், அசையவே மறுத்தால் பிஸ்டன் ரிங்குகள் துருவால் சிலிண்டர் சுவரைப் பற்றியிருக்கலாம் என்றும் கருத இடமுண்டு. இத்துணை நுட்பமான கருவி பின்னாளில் கார்களிலிருந்து நீக்கப்பட்டது இத்தொழிலுக்கு உண்மையான இழப்பே. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அத்துளை வழியே சிறிது எண்ணெய் விடுவது, நிறுத்தும்போது துருவைத் தடுக்கவும், எழுப்பும்போது ஒட்டிய ரிங்குகளை இளக்கவும் உதவியது.

அடுத்தது தீப்பொறி. பேட்டரியில் மின்சாரம் இருந்து, கழற்றிய பிளக்கை எஞ்சினின் உலோகத்தில் படும்படி வைத்துச் சுழற்றியும் பொறி எழாவிட்டால், டிஸ்ட்ரிபியூட்டரினுள் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்டுகளில் ஆக்சைடு படிந்திருக்கலாம். தேய்த்துத் துடைத்தால் போதும். ஆனால் போர்க்காலத்தில் இதற்கும் முன்னதாக ஒன்றைப் பார்க்க வேண்டியிருந்தது. படையெடுத்து வரும் எதிரியின் கையில் ஓடும் கார் சிக்கக்கூடாது என்பதற்காக, ஆளில்லாமல் நிற்கும் வண்டியை ஓடாதபடி செய்துவைக்க வேண்டுமென 1940-இல் ஆணையிடப்பட்டது. பலர் மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பகிர்ந்தளிக்கும் ரோட்டாரையே கழற்றி வைத்திருந்தனர்.

பெட்ரோலின் கேடு கண்ணுக்கு எளிதில் புலப்படாதது. அதன் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட, எஞ்சியது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாகி, கார்புரேட்டரின் ஜெட்டுகளை, அதாவது பெட்ரோலை அளந்து விடும் நுண்துளைகளை, அடைத்துவிடும். டேங்கில் எரிபொருள் இருந்தும் எஞ்சின் எழாததற்கு இதுவே காரணமாகலாம் என்பதால், பழையதை முழுதும் வடித்து, ஜெட்டுகளைக் கழுவிய பிறகே புதிய பெட்ரோல் ஊற்றுவது முறையாயிற்று.